கத்தரி வெட்டத் தயங்கிய வரி

எங்கள் கூட்டத்தில் அவருக்குக் கத்தரி என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் வேறு. அது சம்பளச் சீட்டுக்கு மட்டும்தான் பயன்பட்டது. இணையத்தில் ஒரு கலைக்களஞ்சியம் இருக்கிறதே, யார் வேண்டுமானாலும் எழுதலாம், யார் வேண்டுமானாலும் அழிக்கலாம் என்று, அதில் காசு வாங்காமல் உட்கார்ந்து அடுத்தவர் எழுதியதைத் திருத்துகிற வேலை வெட்டி இல்லாத கூட்டம் நாங்கள். வேலை வெட்டி இல்லாத என்பது என் அம்மாவின் வார்த்தை. உண்மையில் ஆளுக்கொரு பிழைப்பு இருக்கிறது. எனக்கு மருந்துக்கடை. கத்தரி அண்ணன் லிஃப்ட் மெக்கானிக்.

கத்தரி என்று ஏன் பெயர் வந்தது என்று கேட்கவே வேண்டாம். "இந்த நடிகர் எளிமையின் சிகரம், அனைவராலும் போற்றப்படுபவர்" என்று யாராவது உணர்ச்சிவசப்பட்டு எழுதிவிட்டு டீ குடிக்கப் போவார்கள். டீ ஆறுவதற்குள் வரி காணாமல் போயிருக்கும். காரணம் என்று இரண்டே வார்த்தை இருக்கும்: "ஆதாரம் எங்கே?" எழுதியவர் குதிப்பார், என் சொந்த மாமா அவர், நேரிலேயே பார்த்திருக்கிறேன் என்பார். மாமாவை அச்சில் வரச்சொல்லுங்கள் என்று பதில் போகும். அப்படி அவர் சம்பாதித்த விரோதிகள் ஏராளம். அவர்களில் நானும் ஒருத்தி.

இருமல் மருந்து பற்றிய கட்டுரையில் நான் எழுதிய ஒரு பத்தியை முழுசாக வழித்துப் போட்டுவிட்டார். மருந்துக்கடை வைத்திருக்கிறவளுக்கு இருமல் மருந்தைப் பற்றித் தெரியாதா? எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். வாரக்கணக்கில் அவரோடு எழுத்திலேயே மல்லுக்கு நின்றேன். அந்தச் சமயத்தில்தான் ஒரு நாள் கிரீஸ் கறை படிந்த நீலச் சட்டையோடு ஒரு பெரியவர் முதுகுவலிக்குத் தைலம் கேட்டுக் கடைக்கு வந்தார். எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பார்த்துக்கொள்கிறவர். கல்லாவின் மேல் அவர் வைத்த போனில் என் சண்டை திறந்திருந்தது.

"இது நீங்களா?" என்றேன்.

என்னையும் அலமாரிகளையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ அந்தக் கசப்பு நீதானா?" என்றார். கசப்பு என்பது அங்கே என் புனைபெயர். "சும்மா சொல்லக் கூடாது, பேருக்கேத்த மாதிரிதான் பேசற." அன்றிலிருந்து அவர் எனக்கு அண்ணன், நான் அவருக்குத் தங்கச்சி. சண்டை மட்டும் நிற்கவில்லை.

மொட்டை மாடியில் லிஃப்டின் மிஷின் ரூம் இருக்கிறது. இரும்புக் கதவு, பெரிய சக்கரம், அதில் ஏறி இறங்குகிற கம்பி வடங்கள், எண்ணெய் வாடை. வேலை முடிந்ததும் அங்கே பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டு, கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துத் துடைத்துப் போனில் வரிகளை வெட்டுவார். "தங்கச்சி, நட்டு சரியா இருக்கான்னு தட்டிப் பார்க்காம நான் ஒரு லிஃப்டையும் விடறதில்ல. இவங்க எழுதறதத் தட்டிப் பார்த்தா பாதி கழண்டு விழுது" என்பார். அவர் கை வைத்த லிஃப்ட் நடுவில் நின்றதாக நான் கேள்விப்பட்டதில்லை.

வீட்டில் அவரும் அண்ணியும் மட்டும்தான். அண்ணி பிஸ்கட் ஃபேக்டரியில் பேக்கிங் செக்ஷன். ஒரு பெண் குழந்தை இருந்து, ஏழு வயதில் இதயக் கோளாறால் போய்விட்டது. இதைக்கூட அவர் தைலத்துக்குச் சில்லறை வாங்கும்போது சொன்னார், மழை வரும்போலிருக்கு என்று சொல்கிற குரலில். நான் அதற்கு மேல் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

எல்லார் கட்டுரையையும் வெட்டுகிற மனிதர் சொந்தமாக எழுதியது ஒரே ஒரு கட்டுரை. ஒரு பழைய படத்தைப் பற்றியது. படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் உடனே போய்த் திறந்து நாலு திருத்தம் செய்வீர்கள், உங்களைப் போன்றவர்களைப் பார்த்துக்கொண்டேதான் நான் காலம் தள்ளுகிறேன். ஆற்றில் பரிசலோ தோணியோ ஓட்டுகிற ஒருவன், அவனுடைய சின்ன மகள், அவளுக்கு வருகிற நோய், அக்கரையில் இருக்கிற ஆஸ்பத்திரி. இவ்வளவுதான் கதை. படச்சுருள்கள் ஈரத்தில் ஊறிக் கெட்டுப்போய், பல வருஷங்களாக யாருக்கும் பார்க்கக் கிடைக்காத படம்.

எங்கள் கலைக்களஞ்சியத்தில் எல்லாவற்றுக்கும் ஆதாரம் கேட்போம், படத்தின் கதைச் சுருக்கத்துக்கு மட்டும் கேட்க மாட்டோம். படமே அதற்கு ஆதாரம் என்பது வழக்கம். சந்தேகம் இருப்பவர் படத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இந்தப் படத்தையோ பார்க்க வழியில்லை. அதனால் கத்தரி அண்ணன் எழுதிய கதைச் சுருக்கத்தை யாரும் தொடவில்லை. அதன் கடைசி வரி இப்படி இருந்தது: "இறுதியில் குணமடைந்த மகள் பிஞ்சுக் கைகளால் துடுப்புப் போட, தந்தை அவளோடு வீடு திரும்புகிறார்." அவர் எழுதியதிலேயே கொஞ்சம் ஈரமான வரி அதுதான். பிஞ்சுக் கை என்றெல்லாம் வேறு யாராவது எழுதியிருந்தால் அவரே வெட்டியிருப்பார். ஒரு தடவை நான் அதைச் சொல்லிக் கிண்டல் செய்தபோது சிரிக்காமல், "அது இருக்கட்டும்" என்றார்.

இந்த வருஷம் எங்கோ ஒரு காப்பகத்தில் அந்தப் படத்தின் நல்ல பிரதி ஒன்று கிடைத்தது. அழுக்கு நீக்கி இணையத்திலேயே போட்டுவிட்டார்கள். எங்களுக்குக் கொண்டாட்டம். கட்டுரையைப் பழுது பார்த்து, பளபளவென்று ஆக்கி, கலைக்களஞ்சியத்தின் முதல் பக்கத்தில் ஏற்றிவிடலாம் என்று முடிவு செய்தோம். முதல் பக்கத்துக்குப் போக வேண்டுமானால் சம்பந்தமில்லாத ஒருவர் வரிவரியாகப் படித்து ஒப்புதல் தர வேண்டும். எங்களுக்கு வாய்த்தவர் பூதக்கண்ணாடி. வேறு ஊரில் பல் டாக்டர். நான் நேரில் பார்த்ததில்லை, பார்க்கவும் ஆசையில்லை. சொத்தைப் பல்லைத் தேடுகிற மாதிரியே கட்டுரையையும் குடைவார்.

இசையமைப்பாளரின் ஊர், வெளியான தேதி என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அண்ணன் சளைக்காமல் பதில் சொன்னார். அப்புறம் ஒரு நாள் காலையில் பூதக்கண்ணாடி எழுதியிருந்தார்: "கதைச் சுருக்கத்தின் கடைசி வரி தவறு. நேற்று படம் பார்த்தேன். மகள் பிழைக்கவில்லை. தந்தை தனியாகத்தான் திரும்புகிறார். மாற்றவும்."

கத்தரி அண்ணன் கொதித்துப்போனார். மிஷின் ரூமிலிருந்து இறங்கி நேராகக் கடைக்கு வந்தார். லிஃப்டில்கூட வரவில்லை, படியில் வந்தார்.

"தியேட்டர்ல உக்காந்து என் கண்ணால பார்த்த படம் தங்கச்சி. நேத்திக்குப் பார்த்தவன் எனக்குச் சொல்றான்."

"அவரு பார்த்த பிரதியில கடைசி ரீல் மாறியிருக்குமோ என்னமோ" என்றேன், சமாதானத்துக்கு.

"அதேதான்! அந்தக் காலத்துல ரெண்டு முடிவு வெச்சு எடுப்பாங்க. பொண்ணு சாகற மாதிரி ஒண்ணு, பொழைக்கற மாதிரி ஒண்ணு. இவனுக்குச் சாகறதுதான் கெடச்சிருக்கு."

"நீங்களும் ஒரு தடவை பார்த்துருங்களேன் அண்ணே. இணையத்துல சும்மாதானே கெடக்கு."

"பார்த்த படத்த எதுக்குப் பார்க்கணும்?" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

இரண்டு நாளில் ஆதாரத்தோடு வந்தார். மூன்று பத்திரிகைக் கட்டுரைகள். மூன்றிலும் மகள் பிழைத்துத் திரும்புகிறாள். எங்கள் வழக்கப்படி அச்சில் வந்ததற்கு மரியாதை அதிகம். பூதக்கண்ணாடியே இறங்கி வந்தார். "முதலில் வெளியானபோது மகள் திரும்புவதாகவும், இப்போது கிடைத்த பிரதியில் முடிவு மாறியிருப்பதாகவும் எழுதிக்கொள்ளலாம். மற்றவர்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார். எல்லாரும் சம்மதம் என்றார்கள். அண்ணன் ஜெயித்துவிட்டார். நானும் சம்மதம் என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம்.

என் சுபாவம் என்னைச் சும்மா இருக்க விடவில்லை. மூன்று கட்டுரைகளையும் திறந்தேன். மூன்றிலும் "பிஞ்சுக் கைகளால் துடுப்புப் போட". ஒரு பத்திரிகைக்காரருக்குத் தோன்றலாம். மூன்று பேருக்குமா தோன்றும்? வெளிவந்த தேதிகளைப் பார்த்தேன். எல்லாமே அண்ணன் கட்டுரை எழுதியதற்கு அப்புறம் வந்தவை. படத்தைப் பார்க்க வழியில்லாத புண்ணியவான்கள் அண்ணனுடைய வரியை அப்படியே எடுத்துப் போட்டிருக்கிறார்கள். இப்போது அண்ணன் அவர்களையே சாட்சிக்குக் கூப்பிடுகிறார். வேறு யாராவது இப்படி ஓர் ஆதாரத்தைக் கொண்டுவந்திருந்தால் முதல் ஆளாகப் பிடித்திருக்கக்கூடியவர் அவர். இந்த ஒன்றை மட்டும் அவர் தட்டிப் பார்க்கவில்லை.

மாடிக்குப் போய்ச் சொன்னேன். சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. நேராகவே சொன்னேன்.

மூன்று கட்டுரைகளையும் போனில் மறுபடி திறந்து பார்த்தார். "அப்ப நான் பொய் சொல்றேங்கிறியா?"

"பொய்னு சொல்லல அண்ணே. பழசு. மறந்திருக்கும்."

"மறக்கறதா? கரையில எறங்கும்போது அந்தப் பொண்ணு தலையில பச்ச ரிப்பன். அதுகூட எனக்கு ஞாபகம் இருக்கு."

படம் கறுப்பு வெள்ளை. என் முகத்தில் என்ன பார்த்தாரோ, அவரே எழுந்தார். "சரி, போடு பார்ப்போம். உன் கடையிலயே பார்ப்போம். வீட்டுல வேணாம்" என்றார்.

மதியம் ஷட்டரைப் பாதி இறக்கினேன். கடைக்குப் பின்னால், சிரப் பெட்டிகளுக்கு நடுவில், இருப்புப் பார்க்கிற கம்ப்யூட்டர். அதற்கு முன்னால் அவரும் நானும். படம் ஆரம்பித்ததும் அண்ணனுக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஒவ்வொரு வசனத்தையும் நடிகன் சொல்வதற்கு முன்னால் இவர் சொன்னார். மகள் ஆற்றில் கல் எறிகிற காட்சியில் சிரித்தார். எனக்கே சந்தேகம் வந்தது, ஒருவேளை நாம்தான் தப்போ என்று.

மகளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டுத் தகப்பன் நடைவழியில் நிற்கிறான். கதவு திறக்கிறது. நர்ஸ் வெளியே வருகிறாள். அந்த இடத்தில் அண்ணனின் பேச்சு நின்றுபோனது.

"என்ன அண்ணே?"

"இது நான் பார்த்ததில்ல."

நர்ஸ் தலையை அசைக்கிறாள். அப்புறம் ஆறு. தகப்பன் தனியாகத் துடுப்புப் போடுகிறான். கரையில் காத்திருக்கிற ஜனங்கள் வழக்கம்போல ஏறிக்கொள்கிறார்கள். அவன் அவர்களை அக்கரைக்குக் கொண்டுபோகிறான். அதோடு படம் முடிந்துவிடுகிறது. நான் கம்ப்யூட்டரை அணைத்தேன்.

"அன்னிக்கு எங்க பாப்பாவுக்கு மூச்சு வாங்குச்சு" என்றார் அண்ணன். "தியேட்டர்ல புழுக்கம். நான் தூக்கிட்டு வெளிய வந்துட்டேன். நீ இருந்து பார்த்துட்டு வந்து சொல்லுன்னு உங்க அண்ணிகிட்டச் சொன்னேன். அவ வந்து சொன்னா. அவ சொன்னதத்தான்..." முகத்தைத் துடைத்துக்கொண்டார். "பார்த்த மாதிரியே இருந்துச்சு தங்கச்சி. சத்தியமா பார்த்த மாதிரியே இருந்துச்சு."

அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம் என்றார். நானும் வர வேண்டுமாம். "தனியாக் கேட்டா சத்தம் போட்டுருவேன். நீ இருந்தா அடக்கி வாசிப்பேன்." நான் இருந்தால் அவர் அடங்குவார் என்பது எனக்கே புதுச் செய்தி.

அண்ணி ஷிஃப்ட் முடிந்து வந்து, வெந்நீர் வாளியில் இரண்டு காலையும் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. துணியில் இன்னும் வெண்ணெய் மணம் இருந்தது. "வாம்மா, உக்காரு. இதோ எந்திரிச்சு டீ போடறேன்" என்றார்.

"எந்திரிக்காத" என்றார் அண்ணன். நின்றுகொண்டே கேட்டார். "அந்தப் படத்துல பொண்ணு செத்துப்போயிருதாமே?"

எந்தப் படம் என்று அண்ணி கேட்கவில்லை. வாளித் தண்ணீரில் காலை அசைக்காமல் வைத்திருந்தார். "பார்த்துட்டீங்களா?" என்றார்.

"ஏன் பொய் சொன்ன? இத்தன வருஷம் ஊருக்கெல்லாம் நான் அதத்தான் சொல்லிட்டிருக்கேன்."

"அன்னிக்குக் காலையிலதான் டாக்டர் எங்கிட்ட சொன்னாரு. இனிமே ஒண்ணும் பண்ண முடியாது, வீட்டுல வெச்சு சந்தோஷமாப் பார்த்துக்குங்கன்னு. நீங்க வேலைக்குப் போயிருந்தீங்க. வந்ததும் சொல்லிரலாம்னுதான் இருந்தேன். நீங்க மூணு டிக்கெட்ட ஆட்டிக்கிட்டே வந்து நின்னீங்க."

அண்ணன் சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். அந்த வார்த்தை டாக்டர் வாயிலிருந்து அவருக்கு வந்து சேர்ந்தது வெகுநாள் கழித்துத்தானாம். அண்ணிக்கு முன்பே தெரியும் என்பது இந்த நிமிஷம் வரை அவருக்குத் தெரியாது. மனைவியைத் தியேட்டர் இருட்டில் அந்தப் படத்துக்கு முன்னால் தனியாக உட்காரவைத்துவிட்டு, முடிவைப் பார்த்து வந்து சொல்லச் சொன்னவர் அவர்.

"நீங்க வெளிய போனதும் நானும் வந்துரலாம்னுதான் பார்த்தேன். எந்திரிக்கக் கால் வரல" என்றார் அண்ணி.

"என்கிட்டயாவது நெஜத்தச் சொல்லியிருக்கலாமில்ல?"

"உங்ககிட்டயா சொன்னேன்? நான் வெளிய வந்தப்போ நீங்க எங்க கேட்டீங்க? உங்க தோள்ல கெடந்தாளே, அவ கேட்டா. அந்தப் பாப்பா வீட்டுக்கு வந்துச்சாம்மான்னு. வந்துச்சுடா கண்ணுன்னேன். நான் சொன்னது அவ்வளவுதான்."

"துடுப்புப் போட்டான்னு சொன்னியே."

"அது நான் சொல்லல. அவளாக் கேட்டா. அந்தப் பாப்பாவே துடுப்புப் போட்டுச்சாம்மான்னு. ஆமான்னேன்."

அண்ணன் தரையில் உட்கார்ந்துவிட்டார். கட்டுரையிலிருந்த அந்த அரை வரி குழந்தை சொன்னது. மூன்று பத்திரிகைகளில் அச்சாகியிருப்பதும் அதுதான். அந்தக் குழந்தை இந்த உலகத்தில் விட்டுவிட்டுப்போன பேச்சில் எழுத்தாக நிற்பது அது ஒன்றுதான். அண்ணன் அழுதார். வாய்விட்டே அழுதார். அண்ணி வாளியிலிருந்து காலை எடுத்து, ஈரக் காலோடு போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். நானும் அழுதேன், அதில் மறைக்க ஒன்றும் இல்லை.

கிளம்பும்போது அண்ணி என்னைத்தான் கேட்டார். "அந்த வரிய எடுத்துருவீங்களாம்மா?"

நான் அண்ணனைப் பார்த்தேன்.

"எடுக்கணும்" என்றார் அவர். "தப்பு அது."

"யாருக்கு என்ன நஷ்டம்?" என்றார் அண்ணி. "படிக்கறவங்க, ஒரு பொண்ணு பொழச்சு வீட்டுக்கு வந்துட்டான்னு நெனச்சுட்டுப் போறாங்க."

அண்ணன் ஒரு துணியை எடுத்து வந்து தரையில் சொட்டியிருந்த ஈரத்தைத் துடைத்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்த அண்ணியே, "சரி, எடுங்க. எடுத்துருங்க" என்றார்.

ஒரு வாரம் அந்த வரி அப்படியே இருந்தது. பேசி முடித்த மாற்றத்தைச் செய்யச் சொல்லிப் பூதக்கண்ணாடி இரண்டு தடவை நினைவூட்டினார். அண்ணன் கடைக்கு வந்து போனைக் கல்லாவின் மேல் வைத்தார். "எத்தன பேரு வரிய வெட்டியிருப்பேன். இதுக்குக் கை வரல. நீ எடுத்துரு தங்கச்சி." அவர் எதிரிலேயே எடுத்தேன். "மகள் இறந்துவிடுகிறாள். தந்தை தனியே திரும்புகிறார்" என்று எழுதினேன். பத்திரிகைக் கட்டுரைகளை ஏன் நம்பக் கூடாது என்று பூதக்கண்ணாடிக்கு விளக்கியது மட்டும் அண்ணன். தன் பிழை என்று அவரே ஒத்துக்கொண்டு எழுதினார். வீட்டுக் கதையை எழுதவில்லை. கட்டுரை முதல் பக்கத்தில் வந்தது. நிறையப் பேர் பாராட்டினார்கள்.

பத்திரிகைகளில் வந்ததை யார் எடுப்பது? அது அங்கேயேதான் கிடக்கிறது. அதனால் மாதத்துக்கு ஒரு தடவையாவது முகம் தெரியாத யாரோ ஒருவர் வந்து, நல்லெண்ணத்தோடு, மூன்று ஆதாரங்களையும் அடுக்கி, மகளைப் பிழைக்கவைத்துப் படகில் ஏற்றி, அவள் கையில் துடுப்பைக் கொடுத்துவிட்டுப் போகிறார். முதல் தடவை எடுத்தது நான். அதற்கப்புறம் ஒவ்வொரு தடவையும் அண்ணன்தான் எடுக்கிறார். என்னைத் தொட விடுவதில்லை.

உடனே எடுப்பதில்லை. காலையில் யாராவது அந்த வரியைச் சேர்த்தால் அண்ணனுக்கு அப்போதே தெரிந்துவிடும். மிஷின் ரூமில் உட்கார்ந்து பார்த்துவிடுவார். இருந்தாலும் சாயங்காலம் வரை விட்டுவைக்கிறார். அண்ணி ஃபேக்டரியிலிருந்து வந்து, காலை வெந்நீரில் வைத்துக்கொண்டு, அதை ஒரு தடவை வாசித்து முடித்த பிறகுதான் எடுக்கிறார். அந்தப் பகல் முழுக்கக் கட்டுரை தப்பாகவே இருக்கிறது. நானும் கடையிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல், மாத்திரை எண்ணிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.